பேப்பர் அட்டை, இருபத்தைந்து மீட்டர்

மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட அந்த அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்ல மாட்டார். ஸ்டூலை விட்டு எழுந்து, வாசலுக்குப் போய், ஷட்டருக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். வாசல் தகரத்தில் தடதடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "அதான் சத்தம் கேக்குதேக்கா" என்று நான் சலித்துக்கொள்வேன்.

"சத்தம் கேக்குது, கரீட்டு. அது மயயான்னு எனக்கு எப்டித் தெரியும்? மாடி ஊட்டுக்காரன் டேங்க் ரொம்பி ஊத்துனாலும் இப்டித்தான் கேக்கும்."

நீட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, "மயதான்" என்பார். அதற்குள் நான் எதற்காகக் கேட்டேன் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கும்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை அந்தப் பெயரைப் போலீஸ் ஸ்டேஷனில் என் வாயால் சொல்லியிருக்கிறேன், அதுவே போதும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மேனாம்பேட்டில் மற்றவர்கள் ஸ்கோப்பம்மா என்பார்கள். எட்டடிக்குப் பத்தடி கடை, ஒரு பக்கம் ஜெராக்ஸ், இன்னொரு பக்கம் மாவு மில். பைனாகுலர், நிலம் அளப்பவர்கள் வைத்திருக்கும் லெவல் கருவி, துப்பாக்கிக்கு மேலே பொருத்திக் குறி பார்க்கும் ஸ்கோப், எல்லாம் அங்கே பழுது பார்ப்பார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லெவல் கருவி செய்த ஒரு கம்பெனியில் இருபது வருஷம் கண்ணாடி பொருத்தியவர். கம்பெனியை மூடியபோது பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக மேஜையையும் ஸ்குரூ டிரைவர்களையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். துப்பாக்கி விற்க மாட்டார், ஸ்கோப் மட்டும்தான். ஏர் ரைஃபிள் வாங்கிவிட்டுக் குறி தவறித் தவறிச் சலித்துப்போன ஆட்களெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

நானும் அப்படி வந்தவன்தான். சாத்தூர்ப் பக்கம் பிறந்து, அம்பத்தூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திருமுல்லைவாயிலில் மூன்றாவது மாடியில் தவணைக்கு ஒரு ஃப்ளாட் வாங்கியவன். வெளிநாடு போன சக ஊழியர் ஒருவர் தன் ஏர் ரைஃபிளை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஸ்பிரிங் வைத்தது, லைசென்ஸ் வேண்டாதது. அதற்கு ஒரு ஸ்கோப் வாங்க ஒரு மாதம் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் எது பெரிதோ அதுதான் வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன். ஒன்பது மடங்கு பெரிதாகக் காட்டும், முன்னால் சோடா மூடி அகலத்துக்குச் சிவப்புக் கண்ணாடி மினுமினுக்கும், உள்ளே பச்சை விளக்கு எரியும் ஒன்றை மனதில் குறித்து வைத்துக்கொண்டு போனேன்.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னா பாக்கப் போறே? எவ்ளோ தூரம்?"

யார் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். எவ்வளவு பட்ஜெட், என்ன துப்பாக்கி என்பதெல்லாம் அப்புறம். பதிலை வாயால் சொன்னால் போதாது. மேஜையில் நூல் போட்டுத் தைத்த நீள நோட்டு ஒன்று கிடக்கும். அதில் வந்தவரே தன் கையால் எழுத வேண்டும். எதைப் பார்க்க, எவ்வளவு தூரத்தில், கீழே கையெழுத்து. நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். 'கூல் டிரிங்ஸ் டின், முப்பது அடி.' 'பேப்பர் அட்டை, பத்து மீட்டர்.' 'சர்ச் கோபுரத்தில் கடிகாரம்.' ஒரு புண்ணியவான் 'மாமனார், கூடிய வரை தூரத்தில்' என்று எழுதியிருந்தான். அவனுக்கும் சிரிக்காமல் ஸ்கோப் கொடுத்திருக்கிறார், அவனுக்கு வேண்டியது டூர் போக ஒரு பைனாகுலர்தான் என்று பிறகு தெரிந்ததாம். 'குரங்கு' என்று எழுதிய ஒருவனிடம் மட்டும், "நீ போயிட்டு வா நைனா" என்று சொல்லி அவன் எழுதியதை அவனையே அடிக்க வைத்திருந்தார். அந்த அடித்த வரியும் நோட்டில் அப்படியே இருந்தது.

"எதுக்குக்கா இந்த நோட்டு? வருமான வரிக்காரனா வரப்போறான்?"

"நாளைக்கி எவனாச்சும் வந்து கேட்டான்னா, வாங்கினவங்க கையெயுத்து பேசட்டும். என் வாயி பேசக்கூடாது. நான் இன்னாத்தக் கண்டேன், யார் மனசுல இன்னா கீதுன்னு?"

பேச்சு இப்படி இருக்குமே தவிர, ஸ்கோப் விஷயத்தில் அவர் கண்டதைப் போல யாரும் கண்டதில்லை. நான் ஆசைப்பட்ட ஒன்பது மடங்கு ஸ்கோப்பைக் கொடுத்து எதிரே ரயில் லைனைப் பார்க்கச் சொன்னார். மின்கம்பத்தில் தொங்கும் பீங்கானை எண்ணச் சொன்னார். பீங்கான் பெரிதாகத்தான் தெரிந்தது, எத்தனை என்றுதான் தெரியவில்லை, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. "பெருசா காட்டுது. தெளிவாக் காட்டுதா?" என்றார். அப்புறம் தலையை லேசாக ஆட்டிக்கொண்டே பார்க்கச் சொன்னார். உள்ளே தெரியும் குறுக்குக்கோடும் என் தலையோடு சேர்ந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனது. "பாத்தியா, நீ ஆட்டுன பக்கம் ஆமாஞ்சாமி போடுது. இத நம்பி எதக் குறி வெப்பே?"

அடுத்தது செருப்பு. பெரிய பிராண்டுப் பெட்டியோடு வருகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் மூக்கு சிவக்கும். காலில் கிடக்கும் ரப்பர் செருப்பைக் கழற்றி, ஸ்கோப்பை முன்னால் பத்து அடி, பின்னால் பத்து அடி அடிப்பார். ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது முன்னாலும் உதைக்கும், பின்னாலும் உதைக்கும். நிஜத் துப்பாக்கியைத் தாங்குகிற ஸ்கோப்கூட அந்த இரட்டை உதையில் உள்ளே கண்ணாடி கழன்று போய்விடும் என்பார். அடித்த பிறகு மறுபடி கண்ணை வைத்து, கோடு நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு மேலே இருக்கும் திருகை இருபது கிளிக் மேலே, இருபது வலது, இருபது கீழே, இருபது இடது என்று திருப்புவார். "ஊர் சுத்திட்டு பொறந்த ஊட்டுக்கு ஒயுங்கா திரும்பி வருதான்னு பாக்கணும்." வரவில்லையென்றால் எவ்வளவு விலையானாலும் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார்.

சின்னதாக எதைப் பார்த்தாலும் இடது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. ரூபாய் நோட்டு, இட்லியில் கிடந்த முடி, என் ஆதார் கார்டு எல்லாவற்றையும் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தார்.

ஜவ்வாது மலைப்பக்கம் நிலம் வைத்திருந்த பெரிய மனிதர் ஒருவர், லைசென்ஸ் துப்பாக்கியும் பையில் கட்டுக் காகிதமுமாகக் காரில் வந்து இறங்கியது நினைவிருக்கிறது. காட்டுப் பன்றி பயிரை அழிக்கிறது, சுட அனுமதி இருக்கிறது, நல்ல ஸ்கோப் வேண்டும், விலை பிரச்சினை இல்லை என்றார். அக்கா காகிதம் முழுவதையும் வாசித்தார், அரைமணி நேரம் ஆனது. பிறகு தூரம் கேட்டார். முப்பது நாற்பது மீட்டர் என்றார் அவர். அக்கா எதிரே மாவு மில் போர்டைக் காட்டிப் படிக்கச் சொன்னார். அவருக்கு 'மில்' தெரிந்தது, 'மாவு' தெரியவில்லை.

"நாப்பது மீட்டருக்கு ஸ்கோப் எதுக்கு சார்? கண்ணு டாக்டராண்ட போய் ஒரு மூக்குக் கண்ணாடி போட்டுக்குங்க. பன்னி தெரியுதோ இல்லியோ, பன்னிக்குப் பின்னால நிக்குற ஆளு தெரியணும்."

வாசலுக்கு வந்த வியாபாரம் அப்படியே காரில் ஏறிப் போனது. நான்தான் வயிறெரிந்தேன், அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சபையிலும் அவர் கதை இதுதான். கள்ளிக்குப்பத்தில் அவர் போகும் ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வார்கள். கட்டி கரைந்தது, கடன் தீர்ந்தது, குடித்தவன் திருந்தினான் என்று எல்லோரும் கண்ணீர் விட்டுச் சொல்ல, இவர் முறை வந்ததும் எழுந்து, "போன வாரம் எனக்கு ஜுரம் வந்துச்சி. மாத்திரை போட்டேன், ஜெபமும் பண்ணேன். உட்டுப்போச்சி. ரெண்டுல எதுனாலன்னு நான் பாக்கல. ஆனா உட்டுப்போச்சி, ஸ்தோத்திரம்" என்று உட்கார்ந்துவிட்டாராம். பாஸ்டர் அதற்கப்புறம் இவர் பக்கம் மைக்கை நீட்டுவதில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார், வருத்தமாகத்தான் சொன்னார். "சாட்சின்னா பாத்தத சொல்றதுதானே தம்பி? பாக்காதத சொன்னா அதுக்குப் பேரு வேற."

என்னைப் பற்றிக்கூட ஒருமுறை சாட்சி சொல்லியிருக்கிறார். பூந்தமல்லிப் பக்கம் ஒரு ரைஃபிள் கிளப். அதன் செயலாளர் பாதி வேலையை அக்காவிடம்தான் அனுப்புவார், அக்காவின் வாடகையே அந்த வேலையில்தான் ஓடியது. நான் உறுப்பினராகச் சேர நினைத்தபோது அவர் அக்காவுக்குப் போன் செய்து, பையன் நல்லவனா என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"நல்லவனான்னு எனக்குத் தெரியாது சார். துப்பாக்கிய மேசை மேல வெக்கும்போது அதும் வாயி யார் மேலயும் திரும்பாம செவுத்தப் பாத்து வெச்சாரு. அத ரெண்டு தபா பாத்தேன்."

எனக்கு அப்போது முகம் சுருங்கிப்போனது. நல்லவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் எவ்வளவு பெரிய வார்த்தை சொல்லியிருக்கிறார் என்று புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின, அதற்குள் நான் அதற்குத் தகுதியில்லாதவனாகிவிட்டேன்.

எனக்கு அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நாலு மடங்கு ஸ்கோப். பச்சை விளக்கு கிடையாது, சிவப்பு மினுமினுப்பு கிடையாது. முன்னால் இருக்கும் வளையத்தைத் திருப்பித் தூரத்துக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம். செருப்படி முழுவதையும் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்ற ஒரே உருப்படி. என் பட்ஜெட்டில் எழுநூறு ரூபாய் மிச்சம். பொருத்தி முடித்ததும் நோட்டை நகர்த்தினார். நான் எழுதினேன்: 'பேப்பர் அட்டை, இருபத்தைந்து மீட்டர்.'

அவர் ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்தார். "கிளப்புல காத்துத் துப்பாக்கிக்குப் பத்து மீட்டர்தானே?"

"ஃபிரெண்டோட தோப்புக்கா. நசரத்பேட்டைப் பக்கம். அங்க இடம் நிறைய."

"நான் அந்தத் தோப்பப் பாத்ததில்ல. நீ சொல்றே, எயுதியும் குடுத்துட்டே. செரி" என்று முன் வளையத்தை இருபத்தைந்துக்கு வைத்துக் கொடுத்தார்.

தோப்பும் இல்லை, நண்பனும் இல்லை. இருபத்தைந்து மீட்டர் என்பது என் பால்கனிக்கும் எதிர் பிளாக் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கும் உள்ள தூரம். அங்கே புறாக்கள் வந்து உட்காரும். பால்கனியெல்லாம் எச்சம், மகளுக்கு மூச்சிரைப்பு என்று பிறகு பலரிடம் காரணம் சொன்னேன். பொய். என் மகளுக்கு மூச்சிரைப்பே கிடையாது. ஸ்கோப் வழியாகப் பார்த்தால் புறாவின் கண்ணைச் சுற்றியிருக்கும் ஆரஞ்சு வளையம்கூடத் தெளிவாகத் தெரிந்தது, அட்டையைச் சுட்டு அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான் காரணம். முப்பத்து மூன்று வயசு ஆம்பளை, மாதச் சம்பளக்காரன், ஒரு பிள்ளைக்கு அப்பன், இதை எழுதும்போது காது மடல் சுடுகிறது.

ஒரு சனிக்கிழமை காலை சுட்டேன். புறா பறந்துவிட்டது. கைப்பிடிச் சுவருக்குப் பின்னாலிருந்து "அய்யோ" என்று ஒரு சத்தம். தண்ணீர்த் தொட்டி கழுவ வந்திருந்த ஆள். அதே நேரம் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார், முழங்கைக்குக் கீழே ரவை உள்ளே போய்விட்டது. இரண்டு தையல், அரசாங்க ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் போலீஸுக்குத் தகவல் போகுமே, போனது.

ஸ்டேஷனுக்கு எங்கள் ஃப்ளாட் சங்கச் செயலாளர் என்னோடு வந்தார். எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். "படிச்சவரு, நல்ல வேலையில இருக்கீங்க. எஃப்.ஐ.ஆர். போட்டா உங்க கம்பெனி சும்மா விடுமா? தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா? கடைக்காரங்க ஏதாவது தப்பா சொல்லிக் குடுத்தாங்களா?" என்று அவரே வழி திறந்து வைத்தார். எனக்கு வீட்டுத் தவணை நினைவுக்கு வந்தது. வாய் தானாகத் திறந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் நானேதான் திறந்தேன்.

"புறாவுக்குத்தான்னு சொல்லித்தான் சார் வாங்கினேன். இதுல அடிச்சா சும்மா பயந்து பறந்துடும், யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு அந்தம்மாதான் தூரம்கூட செட் பண்ணிக் குடுத்தாங்க."

பெயர் கேட்டார். சொன்னேன்.

ராத்திரி முழுக்க அந்த நோட்டு கண்ணுக்குள் நின்றது. மறுநாள் அவர் சபைக்குப் போய்விடுவார் என்பதால் திங்கட்கிழமை காலை, கடை திறந்த கையோடு போனேன். ஸ்கோப்பில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டு போனேன். அக்காவுக்கு எதுவும் தெரியாது.

"இன்னா தம்பி மூஞ்சி இப்டி வெளிறிக் கீது? சாப்ட்டியா இல்லியா? குந்து, டீ வாங்கியாரேன்."

அவர் டீ வாங்கப் போனார். நான் நோட்டைப் புரட்டினேன். என் வரி வலது பக்கத்துத் தாளில் இருந்தது. மேஜை மேல் அவருடைய இரும்பு ஸ்கேல் கிடந்தது, அதையே வைத்து அழுத்தி அந்தத் தாளைச் சத்தமில்லாமல் கிழித்தேன். நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தேன். அக்கா டீயோடு ஒரு பட்டர் பன்னும் வாங்கி வந்திருந்தார். தின்றேன். தின்றேன் என்பதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அன்று மாலையே எஸ்.ஐ. என்னையும் சங்கச் செயலாளரையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வாசலில் ஜீப் நின்றதும் மாவு மில்லில் நின்றவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். என் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கியது, கழற்ற மறந்ததுபோல் வைத்திருந்தேன்.

"இவர் புறா சுடன்னு சொல்லித்தானேம்மா ஸ்கோப் வாங்கினாரு?"

"இல்ல சார். பேப்பர் அட்டைன்னு சொன்னாரு. எயுதிக் குடுத்தாரு. எயுதுனத என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே அக்கா நோட்டை எடுத்தார். அவர் குரலில் பயம் இல்லை, நோட்டு இருக்கிறதல்லவா.

புரட்டினார். திரும்பப் புரட்டினார். தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாள் பிடிப்பில்லாமல் போய்விடும், அந்த அறிவு எனக்கு இல்லை. ஜோடித் தாள் நழுவித் தரையில் விழுந்தது. அக்கா குனிந்து எடுத்தார். நூல் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்த மெல்லிய துண்டை விரலால் மேலிருந்து கீழே தடவினார். பிறகு நிமிர்ந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா எழுத்து?" என்றார் எஸ்.ஐ.

"தாளக் காணோம் சார். கியிஞ்சி கீது."

"யார் கிழிச்சது?"

"தெரியாது சார்."

"கடைக்கு வேற யார் வந்தாங்க?"

"காலீல இவரு வந்தாரு. நான் டீ வாங்கியாரப் போனேன். திரும்பி வந்தப்போ தோ இங்க குந்திகினு இருந்தாரு. அத பாத்தேன்."

எஸ்.ஐ. என் பக்கம் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினார். "அப்ப இவர்தான் கிழிச்சாருன்னு சொல்றீங்களா?"

ஒரே ஒரு 'ஆமா' போதும். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சொல்லியிருப்பார்கள், சொல்லியிருக்க வேண்டும், சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று நான் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

"கியிச்சத நான் பாக்கல சார். பாக்காதத எப்டி சொல்றது?"

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். "நீங்க பாத்தீங்களா சார், யாராவது கிழிச்சத?"

"இல்ல சார்" என்றேன்.

அதற்கப்புறம் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அடிபட்டவருக்கு ஆஸ்பத்திரிச் செலவும் மேலே கொஞ்சமும் கொடுத்து நான் சமாதானமாகிக்கொண்டேன். அவர் கையில் தழும்போடு அடுத்த மாதமே எங்கள் பிளாக் தொட்டியையும் கழுவ வந்தார், எனக்கு வணக்கம் வேறு வைத்தார். என் மேல் வழக்கு இல்லை. அக்காவிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு, மறுநாள் மறுபடி ஜீப்பில் வந்து கடையிலிருந்த ஸ்கோப்புகளை ஒரு கோணிப்பையில் கட்டி எடுத்துப் போனார்கள். புறா சுட ஸ்கோப் கொடுத்த கடை என்று கிளப் செயலாளர் காதுக்கு எட்டியதும், அங்கிருந்து வரும் வேலை நின்றுபோனது. கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரர் இரண்டு முறை ஜீப்பைப் பார்த்தவர், மூன்றாவது முறைக்குக் காத்திருக்கவில்லை, காலி பண்ணச் சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழித்து அந்த இடத்தில் மொபைல் கவர் தொங்கிக்கொண்டிருந்தது.

துப்பாக்கியை விற்றுவிட்டேன். மேனாம்பேடு வழியாகப் போவதையும் விட்டேன். ஆபீஸுக்குக் கள்ளிக்குப்பம் சுற்றிப் போனேன், பெட்ரோல் அதிகம், நேரம் அதிகம். அங்கே அவருடைய சபை இருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததும் அந்த வழியையும் விட்டேன். பர்ஸ் மூன்று மாறிவிட்டது. தாள் மட்டும் ஒவ்வொரு பர்ஸிலும் இடம் மாறி வந்துகொண்டே இருந்தது. எரித்துவிடலாம் என்று ஒருமுறை அடுப்பு வரை கொண்டுபோயிருக்கிறேன். என் வரிக்கு மேலே யாரோ ஒருவர் 'நிலா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார், அதைப் பார்த்ததும் கை வரவில்லை.

இப்போது எனக்கு நாற்பத்திரண்டு. போனில் எழுத்து மங்குகிறது. போன மாதம் ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். உள்ளேயிருந்து அளவெடுக்க ஒருவர் வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. கையில் சின்ன ஸ்கேல். என் முகத்துக்கு நேரே அதைப் பிடித்துக்கொண்டு, இடது கண்ணை மூடினார்.

"இன்னா பாக்கணும்? எவ்ளோ தூரம்?"

"பேப்பர்க்கா. ஒரு அடி" என்றேன்.

ஸ்கேல் அப்படியே நின்றது. அக்கா என்ற வார்த்தையிலா, பேப்பர் என்ற வார்த்தையிலா, எதில் என்னைக் கண்டுகொண்டார் என்று தெரியாது. அளவை எடுத்து ஒரு சீட்டில் குறித்தார். எனக்கு முன்னால் போட்டிருந்த கண்ணாடி மேஜை மேல், பர்ஸிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்து வைத்தேன். மடிப்பு நாலு இடத்தில் கிழிந்து, பழுப்பேறிப் போயிருந்தது.

அவர் அதை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். கிழிந்த ஓரத்தை மேலிருந்து கீழே விரலால் தடவினார். எல்லா வரியையும் ஒவ்வொன்றாகப் படித்தார், நிலாவையும்.

"இப்ப பாத்துட்டேன்" என்றார்.

நான் காத்துக்கொண்டு நின்றேன். திட்டுவார், அறைவார், அழுவார் என்று என்னென்னவோ எதிர்பார்த்தேன். செருப்பைக் கழற்றி முன்னால் பத்து, பின்னால் பத்து கொடுத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பின்னால் ஒரு அம்மா ஃபிரேம் உடைந்த கண்ணாடியோடு வரிசையில் நின்றார். அக்கா தாளைத் திருப்பினார். பின்பக்கம் காலி. அதை என் பக்கம் நகர்த்தி, பேனாவை மேலே வைத்தார்.

"எயுது."

"என்னக்கா எழுதறது?"

"அன்னிக்கி நீ இன்னா பாத்தியோ அத."

பேனாவைப் பிடித்தேன். கை நடுங்கியது என்று சொன்னால் அதுவும் ஒரு நாடகம், நடுங்கவில்லை. எழுத வரவில்லை, அவ்வளவுதான். பின்னால் நின்ற அம்மா, "சீக்கிரம் ஆவட்டும் சார்" என்றார். அக்கா தாளை மடித்து என் சட்டைப் பையில் அவரே செருகினார்.

"வியாயக்கெயம கண்ணாடி ரெடியாய்டும். ஊட்ல குந்தி எயுதிகினு வா. அப்பால தரேன்."

இது மூன்றாவது வியாழக்கிழமை. கண்ணாடியை இன்னும் வாங்கவில்லை. வேறு தாளை எடுத்து, கைக்கெட்டிய தூரத்தில் நீட்டிப் பிடித்துத்தான் இதையெல்லாம் எழுதிப் பார்க்கிறேன். அந்தத் தாளின் பின்பக்கத்தில் இவ்வளவும் கொள்ளாது என்று தெரியும். மகள் மூச்சிரைப்பு, வீட்டுத் தவணை, எஸ்.ஐ. திறந்து வைத்த வழி எல்லாவற்றையும் அவரிடம் கொண்டுபோனால், ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். அவர் கேட்டது அதையல்ல. நாளைக் காலை கடை திறக்கும்போது போக வேண்டும், அதனால் தாளில் எழுத வேண்டியதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

'இந்தத் தாளைக் கிழித்தது நான். கிழித்ததை நான் பார்த்தேன்.'